சாவி சட்டைப் பையில்

இசக்கிமுத்துவைப் பிடித்திருந்தது ஒரு மாதிரியான பேய். கறுப்புக் கோழி கேட்காது, சாராயம் கேட்காது, தலையை விரித்துப் போட்டு ஆடாது. மூடுபனி இறங்கிய பிற்பகல்களில், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில், இன்ஜின் சத்தமே இல்லாமல் ஒரு லாரி இறங்கி வரும். ஈரத் தாரில் டயர் உரசுவது கேட்கும். பின்கதவுச் சங்கிலி தகரத்தில் மோதி கிலுங் கிலுங் என்னும். அவர் காவல் காக்கும் தேயிலை ஃபாக்டரி கேட்டைத் தாண்டிக் கீழே போய், வளைவில் திரும்பும். அப்புறம் ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததுதான் அவரை நடுங்க வைக்கும்.

வயது அறுபத்திரண்டு. அந்த ஃபாக்டரி கேட்டில் பதினேழு வருஷமாக வாட்ச்மேன். அதற்கு முன் இருபது வருஷம் அதே சாலையில் லாரி ஓட்டியவர். பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஸ்டியரிங்கை விட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த வழியாகக் கீழே இறங்கியதில்லை. மேட்டுப்பாளையத்தில் தம்பி மகள் கல்யாணம் நடந்தபோது, கோத்தகிரி சுற்றிப் போய், தாலி கட்டி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தார். "பக்கத்துல இருக்கற ஊருக்கு ஊரைச் சுத்தி வர்ற மனுசன இப்பத்தான் பாக்கறேன்" என்று அவர் மனைவி விஜயா பந்தியிலேயே சிரித்தாள். சிரித்தாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் காரமடையில் யாரிடமோ மந்திரித்துக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டாள். கயிறு கறுத்ததுதான் மிச்சம்.

இந்த ஜூலையில் ஒரு நாள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. பனி கேட் வரைக்கும் வந்து நின்றது. மேலேயிருந்து டயர் உரசும் சத்தம் வந்தது. சங்கிலியும் கிலுங்கியது. இன்ஜின் சத்தம் இல்லை. இசக்கிமுத்து வழக்கம்போல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்று அந்தச் சத்தம் கேட்டைத் தாண்டிப் போகவில்லை. நேராக வந்து, அவருக்கு இரண்டடி முன்னால் நின்றது.

நின்றது ஒரு சின்ன வெள்ளை லோடு வண்டி. கதவைத் திறந்து, சுடிதாருக்கு மேல் ஆண் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கினாள்.

"ஏனுங்க மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? நாந்தானுங்க, ஜெஸிந்தா."

டக்ளஸின் மகள். பதினேழு வருஷமாக அவர் காதில் இறங்கிக்கொண்டிருந்த லாரி டக்ளஸ் ஓட்டியது.

"பேட்டரி வண்டிங்க மாமா. எடுத்து இருபது நாளாச்சு. சோலூர்ல இருந்து கேரட்டு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறக்கறேன். சத்தமே இல்லாததுனால நாயிகூட ஒதுங்க மாட்டேங்குது."

அவள் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். கேரட் மூட்டைகளுக்கு மேலே சாக்கில் சுற்றி ஒரு மரச் சிலுவை. வெள்ளை பெயின்ட் இன்னும் வாசம் அடித்தது.

"இன்னிக்கு அப்பா செத்த நாளுங்க. அம்மா உசுரோட இருந்த வரைக்கும் லாரி விழுந்த எடத்துல ஒரு குச்சி நடக்கூட விடலை. இப்பத்தான் அம்மாவும் போயிருச்சே. எந்த வளைவுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான மொதல்ல எறங்கிப் பாத்தீங்க. வந்து காட்டுங்க மாமா."

"டூட்டில இருக்கேனே கண்ணு."

"சூப்பர்வைசர் பாண்டியன் சார்கிட்ட போன்லயே உங்களுக்கு லீவு கேட்டுட்டுத்தான் வந்தேன். போயிட்டு வரச் சொல்லிட்டாருங்க."

எல்லா வழியையும் அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இந்தப் பெண்ணிடம் எப்படி மாட்டேன் என்பது? அவளுடைய அப்பா குடித்துவிட்டு ஓட்டிச் செத்தான் என்று ஊர் பேசியது. அவள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தாள். அது பொய் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் கேட் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பேசாமல் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

*

அந்தச் சண்டை எண்ணெயில் ஆரம்பித்தது. 2008-ஆம் வருஷம். டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. பங்க்குகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. குன்னூர் லாரி ஸ்டாண்டு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

டக்ளஸ் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பையன். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் பேப்பரை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிப்பவன். எந்தப் பேப்பரிலோ பார்த்த ஒரு படத்தைக் கத்தரித்து பர்ஸில் வைத்திருந்தான். மலை மாதிரி ஏறி மலை மாதிரி இறங்கும் ஒரு கோடு. அதை டீக்கடை மேஜையில் விரித்து வைத்துப் பிரசங்கம் செய்வான்.

"மாப்ள, ஒலகத்து எண்ணெய்ல பாதி எடுத்தாச்சு. நாம இப்ப உச்சில நிக்கறோம். ஏறும்போது ஒண்ணும் தெரியாது. உச்சி தாண்டிட்டா அப்புறம் எறக்கந்தான். நம்ம புள்ளைங்க காலத்துல இந்த லாரியெல்லாம் கோழி அடைய வெக்கத்தான் ஆகும்."

இசக்கிமுத்து எதிர்க்கட்சி. "எங்கப்பன் கிளீனரா இருந்தப்பவே இன்னும் இருவது வருசத்துல தீந்துரும்னானுங்க. தீந்துச்சா? ஒரு கெணறு வத்துனா பக்கத்துல தோண்டுவான். அதுவும் வத்துனா கடலுக்கு அடியில தோண்டுவான். விலைய ஏத்தறதுக்குக் கட்டிவிடற கதைடா இது."

ஸ்டாண்டே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. தீரும் கட்சியில் டக்ளஸும் இன்னும் இரண்டு பேரும். மற்றவர்கள் எல்லாம் தீராத கட்சி. டக்ளஸ் வந்தாலே, "வாய்யா, முடிஞ்சுபோன டக்ளசு" என்று வரவேற்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டு படத்தை விரிப்பான். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். முந்தின வருஷம்தான் மனைவி அருளாயி முன்னால் பைபிள் மேல் கை வைத்துக் குடியை விட்டிருந்தான். குடித்த நேரத்தை எல்லாம் எண்ணெய் பிடித்துக்கொண்டது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஜூலை மாதத்து மத்தியானம் மழைக்குக் கடையில் வேறு டிரைவர் யாரும் இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான். இசக்கிமுத்துவுக்கு எங்கிருந்தோ அந்தப் பேச்சு வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"தீரப்போகுது தீரப்போகுதுன்னு ஊருக்கு உபதேசம் பண்றியே, நீ மட்டும் எறக்கத்துல எதுக்குடா டீசல எரிக்கற? இன்ஜின நிறுத்து. சாவிய எடுத்து சட்டைப் பைல போடு. கீழ பர்லியார் வரைக்கும் எறங்கிக் காட்டு. அப்ப ஒத்துக்கறேன், நீ சொல்றது நெசம்னு."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவது அந்தச் சாலையில் பழைய வீம்பு. காலி வண்டியில், காய்ந்த ரோட்டில், இளந்தாரிப் பசங்கள் செய்வார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. டாங்கியில் மிச்சம் இருக்கிற காற்றுதான். எத்தனை மிதிக்கு அது வரும் என்று தெரிந்தவன் பிழைப்பான். டக்ளஸ் வண்டியில் எட்டு டன் தேயிலை இருந்தது. ரோடு நனைந்து கிடந்தது. அவனுடைய கிளீனர் அன்றைக்கு லீவு, தடுக்க ஆளில்லை. டக்ளஸ் இரண்டாவது டீயை ஒரே மடக்கில் குடித்தான். தின்றுகொண்டிருந்த வர்க்கி ரொட்டியின் தூளைத் தட்டிவிட்டான். "பின்னாலயே வந்து பாரு" என்றான்.

இசக்கிமுத்து சாட்சிக்குப் பின்னாலேயே போனார். ஊர் தாண்டி, காட்டேரிப் பூங்காப் பக்கம் டக்ளஸ் இன்ஜினை நிறுத்தினான். சாவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான். லாரி சத்தமில்லாமல் பனிக்குள் இறங்கியது. சங்கிலி மட்டும் கிலுங் கிலுங் என்றது. இசக்கிமுத்து செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு போனதால் பின்தங்கிவிட்டார். பர்லியாருக்கு இரண்டு வளைவு மேலே, உடைந்த கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். கீழே ஒன்றும் கேட்கவில்லை.

செடி கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தேயிலைத் தூள் வாசம் மூக்கை அடைத்தது. டக்ளஸ் கண்ணைத் திறந்துகொண்டு செத்திருந்தான். சட்டைப் பையில் சாவி இருந்தது. சாவி அங்கே இருந்தால் கேள்வி வரும். ஏன் இன்ஜினை நிறுத்தினான், யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்பார்கள். இசக்கிமுத்து அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்போது யோசித்துச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. கை செய்துவிட்டது.

லாரி ஓனர், என் வண்டியில் பிரேக் எல்லாம் சரியாக இருந்தது, இவன்தான் குடித்துவிட்டு ஓட்டினான் என்றார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஊருக்கு வாய்ச்சொல் போதும். பழைய குடிகாரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் அருளாயி இசக்கிமுத்துவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க டீக்கடைல கூடவே இருந்தீங்களாமே. அவரு குடிச்சாரா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலம்மா" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பைபிள் மேல் வைத்த கை பொய்க் கை என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான். பதினேழு வருஷம் புருஷன் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை. அவன் பேருக்குப் பூசை வைக்கவில்லை. போன மாதம் சாகும்போது, "அந்தாளு வரிசைல என்னப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செத்தாள். சொன்னபடியே வேறு வரிசையில் வைத்தார்கள்.

*

வண்டி காட்டேரி தாண்டியது. இசக்கிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் மோசம். டயர் சத்தம், சங்கிலிச் சத்தம், நடுவில் ஒன்றுமில்லை. டக்ளஸ் கடைசியாகக் கேட்டதும் இதுதானே என்று தோன்றியது. கண்ணைத் திறந்துவிட்டார்.

"பயப்படாதீங்க மாமா. இது சும்மா உருளலைங்க. காலை எடுத்தாலே மோட்டாரு இழுத்துப் புடிக்கும். புடிக்கப் புடிக்க சார்ஜ் ஏறும். அங்க பாருங்க."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண் ஒளிர்ந்தது. அறுபத்திரண்டு. அடுத்த வளைவு தாண்டியதும் அறுபத்து மூன்று.

"ஆனா ஒண்ணுங்க. மேல ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு எறங்கக் கூடாது. உள்ள எடம் இல்லீன்னா மோட்டாரு புடிக்காது, வெறும் பிரேக்குதான். மொத நாளு எனக்கு யாரும் சொல்லலை. நூறு போட்டுட்டு எறங்கிட்டு, பாதி வழில பிரேக்கு கருகி வாசம் வந்து, உசுரு போயிருச்சு. இப்பெல்லாம் காலியா கொஞ்சம் வெச்சுட்டுத்தான் எறங்கறேன்."

ஒரு சொட்டு எரிக்காமல் இறங்குகிறது. இறங்க இறங்க நிறைகிறது. டக்ளஸ் மட்டும் இதைப் பார்த்திருந்தால் டீக்கடை மேஜை மேல் ஏறி நின்றிருப்பான். இசக்கிமுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பாவுக்கு இந்த எண்ணெய்ப் பைத்தியம் உண்டில்லீங்களா? எனக்கு ஞாபகம் இருக்கு. என்னோட கணக்கு நோட்டுல மலை மாதிரி கோடு போடுவாரு. உச்சில ஒரு புள்ளி வெச்சு, 'பாப்பா, நாம இங்க இருக்கோம்'பாரு. டீச்சர் அடிச்சாங்க." அவள் சிரித்தாள். "தீந்துச்சாங்க மாமா எண்ணெய்?"

கீழேயிருந்து ஒரு டேங்கர் லாரி முக்கி முனகி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை. ஜெஸிந்தா ஓரம் கட்டினாள். வயிறு நிறைய டீசலோடு டேங்கர் மெல்ல அவர்களை உரசிக்கொண்டு மேலே போனது.

இசக்கிமுத்துவுக்கு அந்த லாரிச் சத்தத்தைவிடப் பெரிய பேய் டேங்கர்தான். பதினேழு வருஷமாக ஒவ்வொரு நாளும் இந்த டேங்கர்கள் அவர் கேட்டைத் தாண்டி ஏறிப் போகின்றன. ஒவ்வொன்றும், நீ ஜெயித்துவிட்டாய், எண்ணெய் தீரவில்லை, தீரும் என்றவன்தான் தீர்ந்துபோனான் என்று சொல்லிவிட்டுப் போகும். டிவியில் இன்னும் பெரிய பெரிய ஆட்கள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். உச்சி தாண்டிவிட்டது என்கிறார் ஒருவர், வரவே வராது என்கிறார் இன்னொருவர். எண்ணெய் தீருவதற்குள் அதை வாங்குகிற ஆள் தீர்ந்துவிடுவான் என்று மூன்றாவதாக ஒருவர் வேறு. விஜயா சேனலை மாற்றும் வரை இசக்கிமுத்து அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது டக்ளஸ் சொன்னது சரி என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருக்கும் அவருக்கு.

"எங்க தீந்துச்சு கண்ணு, அதான் போகுதே" என்றார்.

"அப்ப அப்பா சொன்னது தப்புங்களா?"

"தெரியலம்மா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதே சொல். அவள் அம்மாவிடம் சொன்ன அதே சொல், அதே குரலில், நாக்கு நுனியில் வந்து நின்றது. இசக்கிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இங்க நிறுத்து கண்ணு. இந்த வளைவுதான்."

*

உடைந்த சுவரை எப்போதோ கட்டிவிட்டார்கள். பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நிற வித்தியாசம் மட்டும் தெரிந்தது. குரங்குகள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து சிலுவையை வேடிக்கை பார்த்தன. ஜெஸிந்தா கடப்பாரையால் குழி எடுத்தாள். அவர் வாங்கப் போனார், தரவில்லை. சிலுவையை இறக்கி, சுற்றிலும் கல் போட்டு, காலால் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. மூன்று தடவை ஏற்றிவிட்டு விட்டுவிட்டாள்.

"குடிக்காம இருந்திருந்தா இன்னிக்கு இந்த வண்டில பக்கத்துல உக்காந்து வந்திருப்பாரு" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"உங்கப்பன் குடிக்கலம்மா."

அவள் திரும்பினாள்.

"அன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கல. ரெண்டு டீ குடிச்சான், ஒரு வர்க்கி தின்னான். நான் கூடவே இருந்தேன். எண்ணெய் தீருமா தீராதான்னு எங்களுக்குள்ள சண்டை. நாந்தான் இன்ஜின நிறுத்திட்டு எறங்கிக் காட்டுடான்னு ஏத்திவிட்டேன். எட்டு டன்னு லோடுன்னு எனக்குத் தெரியும். ரோடு ஈரம்னும் தெரியும். அவன் போனான். நான் பின்னாலயே வந்தேன், வேடிக்கை பாக்க."

இடுப்பிலிருந்து கேட் சாவிக் கொத்தை எடுத்தார். ஃபாக்டரிச் சாவிகளுக்கு நடுவில் ஒரு பழைய லாரிச் சாவி, பதினேழு வருஷமாக. வாட்ச்மேன் கொத்தில் சாவி ஒன்று கூட இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வளையத்தில் இருந்து கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. ஜெஸிந்தா உதவவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கழன்றது. அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அவன் சட்டைப் பைல இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா உங்ககிட்ட வந்து கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலம்மான்னு சொன்னேன்."

மேலே போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"போன மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே மாமா" என்றாள். "மங்குஸ்தான் எல்லாம் வாங்கிட்டு வந்தீங்க. அரை மணி நேரம் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அன்னிக்கு அம்மாவுக்கு நெனவு நல்லா இருந்துச்சுங்களே. அப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

இசக்கிமுத்து அன்றைக்குச் சொல்லத்தான் போனார். தேயிலை ஃபாக்டரி உருளைகளுக்கு நடுவில் முப்பது வருஷம் வேலை செய்ததில் அருளாயிக்குக் காது போய்விட்டிருந்தது. சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும். வார்டில் பன்னிரண்டு கட்டில். அந்தப் பன்னிரண்டு கட்டிலுக்கும் பயந்து, பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜெஸிந்தா சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏறுங்க" என்றாள்.

"கேரட்டு? மண்டி மூடிருவானே."

"கேரட்டு கெடக்குது. ஏறுங்க மாமா."

வண்டியைத் திருப்பி மேலே விட்டாள். எண் இப்போது இறங்கிக்கொண்டு வந்தது. ஃபாக்டரி கேட் வந்தது, நிறுத்தவில்லை. குன்னூர் வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினாள்.

டக்ளஸ் கீழ் வரிசையில், மாமரத்துக்குப் பக்கத்தில். அருளாயி மேல் வரிசையில், ஆறேழு கல்லறை தள்ளி. மண் இன்னும் இறுகவில்லை. சாத்திய மாலையில் பிளாஸ்டிக் பூ மட்டும் மிச்சமிருந்தது. ஜெஸிந்தா அவரை அம்மாவின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். கல்லறைக்குப் பூ வைக்க வந்திருந்த நாலைந்து பேர் அங்கங்கே நின்றிருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். லாரி ஸ்டாண்டு ஆள் ஒருவர்கூட இருந்தார்.

இசக்கிமுத்து செருப்பைக் கழற்றினார். ஈரமண்ணின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. கை கூப்பிக்கொண்டார்.

"அருளாயி" என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. "டக்ளஸ் குடிக்கலம்மா."

பின்னால் நின்ற ஜெஸிந்தா அழுதுகொண்டிருந்தாள்.

"சத்தமா சொல்லுங்க மாமா. அம்மாவுக்குக் காது கேக்காது."